பெட்டிக்குள்ள போட்ட தொலி

தட்டிப் பாக்கறீங்களா? நல்லாத் தட்டிப் பாருங்க. வேப்பம்பலகைங்க. என்ற தம்பி சென்னியப்பன் அவன் கையால அறுத்து, அவன் கையால ஆணி அடிச்ச பெட்டி. வேன்ல ஏத்தி எங்க கொண்டுபோயி எறக்கினாலும் ஒரு மூலைகூட ஆடாது.

ஆனா பெட்டியில என்னங்க இருக்குது? பெட்டிக்குள்ள என்ன போடறோங்கறதுலதான் எல்லாமே இருக்குது. நீங்க புதுசா நாட்டுக்கோழி வெக்கறதுக்குப் பெட்டி வாங்க வர்றீங்கன்னு டீக்கடைக்காரர் சொன்னாரு, அதனால சொல்றேன். வெறும் பலகையில கோழி முட்டையிடாது. இட்டாலும் கீறல் உளுந்துரும். அடியில மெத்துனு இருக்கோணும், கோழி கால்ல பறிச்சாலும் கலஞ்சு போவாம நிக்கோணும். இது தெரியாமத்தான் பாதிப்பேரு கோழி வெச்சு நட்டமாயி ஓடறாங்க.

உக்காருங்க, அந்தக் கட்டில்ல உக்காருங்க. வேன்காரன் வர்ற வரைக்கும் நின்னுட்டேவா இருப்பீங்க? உங்க பேச்சுக்கு நீங்க தெக்கத்திக்காரராட்டம் இருக்குது. அப்படியா, சிவகாசிப் பக்கமா. சரி சரி.

என்ற பேரு நாச்சாத்தாள். இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவ இல்லீங்க, இதே ஊட்டுல பொறந்தவ. எங்கம்மா போறப்ப சென்னிக்குப் பால்பல்லு உளுகற வயசு. நான்தான் சோறு ஊட்டுனேன், நான்தான் தல சீவி பள்ளிக்கூடம் அனுப்புனேன். அப்பறம் என்னையக் கட்டிக் குடுத்தாங்க. கொழந்த இல்லைன்னு அந்த மகராசன் வேற ஒருத்தியக் கூட்டியாந்துட்டான். ஒரு டிரங்குப் பொட்டியத் தூக்கிட்டு நான் இங்க வந்து நின்னேன். சென்னி வாசல்ல இருந்தான். ஏன் வந்தேன்னு ஒரு வார்த்தை கேக்கலீங்க. பொட்டிய வாங்கி உள்ள வெச்சுப்போட்டு, "சாப்டயாக்கா?"ன்னான். அவ்வளவுதான். அப்படிப்பட்டவன் அவன்.

அப்பவே அவனுக்குக் கலியாணம் ஆயிருச்சு. வஞ்சிக்கொடின்னு பேரு. கோபிப் பக்கம், வாய்க்கால் பாயற ஊரு, நெல்லு வெளையற பூமி. என்னைய நங்கையான்னு கூப்புடுவா. புருசனோட அக்காளை எங்க பக்கம் அப்படித்தான் கூப்புடறது. மரியாதையாத்தான் இருப்பா, அதுல நான் கொற சொல்லமாட்டேன். ஆனா நான் ஒரு வேலையச் செஞ்சா அதைய மறுபடியும் ஒருக்கா செய்வா. நான் வாசல் கூட்டினா திரும்பக் கூட்டுவா. நான் சட்டி கழுவினா திரும்பக் கழுவுவா. ஒண்ணுஞ் சொல்லமாட்டா, செய்வா. அது பேசறதவிட மோசமில்லீங்களா?

சென்னி பஞ்சு மில்லுல வேல பாத்தான். அங்கதான் டிபி வந்துச்சு. மாசக்கணக்கா மாத்திரை தின்னான். கொணமாயிருச்சுங்க. கொணமாகலைன்னு யாரும் சொல்லமுடியாது. ஆனா டாக்டரு படம் எடுத்துப் பாத்துப்போட்டு, "சீக்கு போயிருச்சு, நெஞ்சுல அது தோண்டுன குழி மட்டும் அப்படியேதான் இருக்கும், இனி தூசிப்பக்கம் போவாதீங்க"ன்னு சொல்லி அனுப்பிச்சாரு. தூசி இல்லாத எடம் இந்த ஊர்ல எங்கீங்க இருக்குது? மில்லு வேண்டாம், கோழி வெச்சுப் பொழச்சுக்கறேன்னான். வஞ்சியோட அண்ணன் முட்டைக்கு வர்ற நல்ல வெடைக்கோழியாப் பாத்துக் கொண்டாந்து விட்டாரு. இந்தப் பெட்டியெல்லாம் அப்பச் செஞ்சதுதான்.

மொதல்ல ஆத்து மணல் போட்டான். சில்லுனு இருந்துச்சோ என்னமோ, ஒரு கோழியும் உக்காரல. அப்பறம் உமி போட்டான். உமிய கோழி ரெண்டு பறி பறிச்சா அத்தனையும் வெளிய போயிருது, முட்ட வெறும் பலகையில கெடக்குது. பழைய பேப்பரக் கிழிச்சுப் போட்டான். எச்சம் பட்டு அப்பளமாட்டம் ஒட்டிக்கிச்சு. அப்பத்தான் வஞ்சி அவங்கூர்ல இருந்து வைக்கோல் கொண்டாரச் சொன்னா. அவங்கண்ணன் வண்டியில போட்டு அனுப்பிச்சாரு.

நல்ல வைக்கோல்தாங்க. மழபடாத வைக்கோல். வஞ்சி அதையச் சின்னதா வெட்டி, பெட்டிக்குள்ள போட்டு, நடுவுல கையால குழி பண்ணி வெப்பா. கோழி ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு வரிசையில நின்னு முட்டையிட்டுது. குஞ்சும் நல்லாத்தான் பொரிச்சுது. சென்னிக்கு ஒரே குசி. சொந்தக்காரங்க ஒறம்பரை வந்தாலும் சரி, யேவாரி வந்தாலும் சரி, மச்சான் குடுத்த கோழி, மச்சான் குடுத்த வைக்கோலுன்னுதான் பேச்சு. நான் அடுப்படியில இருந்து கேட்டுட்டிருப்பேன். அவனத் தோள்ல போட்டு வளத்தவ நான். இந்த ஊட்டுல நான் குடுத்ததுன்னு சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லையாங்க?

நான் அப்ப எண்ணெய் மில்லுல கூலிக்குப் போயிட்டிருந்தேன். கடலைய ஒடைச்சுப் பருப்பு எடுத்தா தொலி மிஞ்சுமில்லீங்க, அது மில்லுக்குப் பொறத்தால மலையாட்டம் குமிஞ்சு கெடக்கும். ஐப்பசி மழையில நனஞ்சு, வெயில்ல காஞ்சு, திரும்ப நனஞ்சு கெடந்துச்சு. ஓனரம்மா, "நாச்சா, இதைய யாராச்சும் அள்ளிட்டுப் போனா போதுமே"ன்னாங்க. எனக்கு அப்பத்தான் தோணுச்சு. வைக்கோலாட்டம் கால்ல சுத்தாது, உமியாட்டம் பறக்காது, கனமாவும் இருக்கும். சும்மா குடுக்கறாங்க. வேண்டாம்னு சொல்லுவாங்களா யாராச்சும்?

தலச்சுமையாத்தாங்க கொண்டாந்தேன். வேல முடிஞ்சு பொழுதோட வர்றப்ப ஒரு மூட்டை. தெனமும் வர்றப்ப ஒரு மூட்டை. கழுத்து வலி தாங்காது. ஆனா மனசுக்குள்ள அத்தனை சந்தோசம். என்ற தம்பி கோழிக்கு நான் கொண்டார்றேன்னு.

வஞ்சி மூட்டையப் பிரிச்சு ஒரு கை அள்ளினா. மோந்து பாத்தா. "நங்கையா, இது மக்கிப்போன வாசம் அடிக்குது. உள்ள பாருங்க, சாம்பலாட்டம் பூத்துக் கெடக்குது"ன்னா.

"கடலைத் தொலின்னா அப்படித்தான் இருக்கும். காய வெச்சா போயிரும்"னேன்.

"இருக்கற வைக்கோலு போதுமுங்க."

"உங்கண்ணன் கொண்டாந்தா நல்லது, நான் கொண்டாந்தா மக்கலா?"ன்னேன். கேக்கறதுல என்னங்க தப்பு?

சென்னி ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னான். என்னையப் பாத்தான், அவளப் பாத்தான். "அக்கா கழுத்து ஒடையச் சொமந்து கொண்டாந்திருக்குது. போட்டுப் பாக்கலாம் வஞ்சி"ன்னான்.

"நான் தொடமாட்டேன் மாமா"ன்னா அவ.

"நீ தொட வேண்டாம். நான் போட்டுக்கறேன்."

இதைய நல்லாக் கவனிங்க. அவ தொட்டிருந்தா அவன் ஏன் தொடறான்? எல்லாரும் என்னையச் சொல்றாங்க. அவ அன்னைக்குப் புடிவாதம் புடிக்காம அள்ளிப் போட்டிருந்தா அவன் அந்தச் சாளைப்பக்கமே போயிருக்க வேண்டியதில்லையே! அதைய ஒருத்தரும் பேசமாட்டாங்க.

சாளைன்னா இந்தக் கொட்டகைதாங்க. கதவச் சாத்திப்போட்டுத்தான் போடுவான். கோழி வெளிய ஓடீருமில்ல. மூட்டையக் கொட்டினா உள்ள பொகையாட்டம் எந்திரிக்கும். மூஞ்சியெல்லாம் சாம்ப பூசுனாப்ல வெளிய வருவான். நான் தண்ணி மோந்து குடுப்பேன். "நல்லா நிக்குதுக்கா, கோழி பறிச்சாலும் கலையல"ம்பான். எனக்குப் போதுமுங்க அந்த ஒரு வார்த்தை.

அப்பறம் அடை வெச்ச பெட்டியில குஞ்சு பொரிச்சுது. பொரிச்ச குஞ்சு ஒண்ணொண்ணா வாயப் பொளந்துட்டு மூச்சுக்குத் தவிக்குது. கழுத்த நீட்டி நீட்டி மேல பாக்குது. சத்தமே வரல. காலையில பாத்தா தாய்க்கோழி, செத்த குஞ்சு மேலயே றெக்கைய விரிச்சு உக்காந்திருக்குது.

வஞ்சி போயி கால்நடை டாக்டரக் கூட்டியாந்தா. மீசகூட மொளைக்காத பையன். ஒரு குஞ்ச அறுத்துக் காட்டுனாரு. நொரையீரல்ல, நெஞ்சுல எல்லாம் ஊசி முனையாட்டம் மஞ்சளா புள்ளி புள்ளியா இருந்துச்சு. "பூஞ்சக்காளான். பெட்டியில போட்ட தொலியில இருந்து மூச்சு வழியா போயிருக்குது. எல்லாத்தையும் வாரித் தூரக் கொண்டுபோயி எரிச்சிருங்க. அள்ளறப்ப மூக்கு வாயக் கட்டிக்கங்க. மனுசங்களுக்கும் ஆகாது"ன்னாரு.

வர்ற வழியில இவ என்ன சொல்லிக் கூட்டியாந்தாளோ, எனக்கென்ன தெரியும்? அத்தன பெட்டி இருக்குது, மழக்காலம் வேற. குஞ்சு சாவறதுக்கு ஆயிரம் இருக்கும். அவரு வந்தவொடனே தொலியத்தான் கையக் காட்டுனாரு.

நான் ஒண்ணும் சண்ட போடலீங்க. உள்ள போயி பாய விரிச்சுப் படுத்துட்டேன். சோறு எறங்கல. மறுநாளும் எறங்கல. சென்னி வந்து பக்கத்துல உக்காந்தான். வட்டல்ல சோறு பெசஞ்சு வெச்சிருந்தான்.

"எந்திரிக்கா."

"நான் கொண்டாந்ததை எரிக்கறதுன்னா என்னையும் சேத்து எரிச்சிருங்க"ன்னேன்.

வட்டல என்ற பக்கம் நவுத்தி வெச்சான். அப்பறம், "சரி. பூத்தது நனஞ்சதெல்லாம் கழிச்சுப்போட்டு, நல்லாக் காஞ்சத மட்டும் வெச்சுக்கலாம். சாப்புடு"ன்னான். சாப்ட்டேன். கூடப்பொறந்தவன் மனசு இப்படியல்ல இருக்கோணும்! வஞ்சி வாசல்படியில நின்னு கேட்டுட்டிருந்தா. திரும்பி ஊட்டுக்குப் பொறத்தால பொடக்காளிப் பக்கம் போயிட்டா.

தண்ணி குடிக்கறீங்களா? வேண்டாமா. சரி.

தை மாசம் அவனுக்கு இருமல் ஆரம்பிச்சுது. பனி இருமல்தான், மோர் குடிச்சிருப்பான், வஞ்சி பழைய சோத்தப் போட்டிருப்பான்னு நான் சுக்குத்தண்ணி வெச்சுக் குடுத்தேன். ஒரு நாள் துண்டுல துப்புனான். ரத்தம். பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். படம் எடுத்தாங்க. டாக்டரு அதைய வெளிச்சத்துல வெச்சு, "பழைய டிபி குழிக்குள்ள பூஞ்சை உருண்டையாட்டம் வளந்திருக்குது. இவரு என்ன வேல பண்றாரு?"ன்னு கேட்டாரு.

வஞ்சி, "கோழிப் பெட்டிக்குக் கடலைத் தொலி அள்ளிப் போடறாருங்க"ன்னு ஆரம்பிச்சா. நான் அவ கையப் புடிச்சு இழுத்தேன். ஆஸ்பத்திரியில வந்து ஊட்டு ஞாயத்தப் பேசறாளே! "அதெல்லாம் இல்லீங்க டாக்டரு, மோரு சேராதுங்க அவனுக்கு"ன்னேன். டாக்டரு என்னையப் பாக்கவே இல்ல, அவகிட்டத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாரு. நீங்களே சொல்லுங்க, மனுசன் நெஞ்சுக்குள்ள போயி காளான் மொளைக்குமா? மொளைக்கறதுக்கு அது என்ன குப்பமேடா?

ஆஸ்பத்திரியில வஞ்சி கூட இருந்தா. நான் கோழியப் பாத்துக்கறேன்னு வந்துட்டேன். ஒரு ஞாயித்துக்கிழமை பாக்கப் போனப்ப, அவன் என்ற கையப் புடிச்சுட்டுக் கேட்டான். "அக்கா, பெட்டியில இருந்து தொலியெல்லாம் எடுத்துப் போட்டுட்டயா? டாக்டரு நெம்பக் கண்டிசனாச் சொல்லியிருக்கறாரு."

"எடுத்துப் போட்டுட்டேன் சாமி. ஒரு பொட்டுத் தொலி இல்ல"ன்னேன்.

எடுக்கலீங்க. எங்க எடுக்கறது? அத்தனை பெட்டிய நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்? வைக்கோலும் தீந்துபோச்சு, வேணும்னா வஞ்சியோட அண்ணங்கிட்டத்தான் கேக்கோணும். நான் போயி அங்க நிக்கறதா? படுத்துக் கெடக்கறவன் நிம்மதியா இருக்கட்டும்னு சொன்னேன். சீக்காளிகிட்ட நல்ல வார்த்தைதானே சொல்லோணும்.

மருந்து குடுத்து, கொஞ்சம் தேவலையாச்சுன்னு ஊட்டுக்கு அனுப்பிச்சாங்க. மாத்திரை தீரத்தீர வாங்கோணும், அந்தத் தூசிப்பக்கமே போவக்கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்பிச்சாங்க. வந்து நல்லாத்தான் இருந்தான். மொகத்துல கொஞ்சம் சதைகூட வெச்சுது. ஒரு நாள் மத்தியானம் வஞ்சி மருந்து வாங்கக் காங்கயம் போயிருந்தா. சென்னி, "கோழியப் பாத்து எத்தன நாளாச்சுக்கா"ன்னு எந்திரிச்சு மெல்ல நடந்து சாளைக்குப் போனான். நான் பின்னாலயே போனேன். ஒரு பெட்டிக்குள்ள குனிஞ்சு கைய உட்டான். அள்ளிப் பாத்தான். அடுத்த பெட்டி. அதுக்கடுத்த பெட்டி.

திரும்பி என்னைய ஒரு பார்வை பாத்தானுங்க. திட்டுவான்னு நெனச்சேன். திட்டல.

"வஞ்சி வந்து பாத்தா உன்னையச் சும்மா உடமாட்டா. அவ வர்றதுக்குள்ள அள்ளிப் போட்டறலாம்"னான்.

"நீ போய்ப் படு, நான் அள்ளறேன்"னேன். சொன்னேனுங்க, சொல்லாம இல்ல. "நீ ஒருத்தியா எப்ப அள்ளறது?"ன்னுட்டு அவனும் அள்ளுனான். ரெண்டு பேருமாச் சேந்து அவசர அவசரமா அள்ளிச் சாக்குல போட்டோம். உள்ளார இருட்டாட்டம் ஆயிருச்சு, அத்தன பொகை. அவன் சின்னப் பையனா இருக்கறப்ப ரெண்டு பேரும் அப்பாவுக்குத் தெரியாம மாங்கா பறிச்சு ஒளிச்சு வெப்போம். அதாட்டம் இருந்துச்சுங்க எனக்கு. நெம்ப நாளைக்கப்பறம் அவனும் நானும் மட்டும் சேந்து ஒரு வேல செய்யறோம்.

கடைசிப் பெட்டிகிட்டப் போறப்ப இருமல் வந்துச்சு. நிக்கவே இல்ல. பெட்டியப் புடிச்சுட்டு உக்காந்தான். வாயில இருந்து ரத்தம் கொட்டுச்சுங்க. குடத்தச் சாச்சாப்ல. நான் முந்தானையால தொடைக்கத் தொடைக்க வந்துட்டே இருந்துச்சு. தல என்ற மடியிலதான் இருந்துச்சு. பக்கத்துக் காட்டுக்காரங்க ஓடியாந்து வண்டி புடிக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு.

வஞ்சி மருந்துப் பையோட பஸ்ஸவிட்டு எறங்கி வந்தா. வாசல்ல கூட்டத்தப் பாத்தா. அவனப் பாத்தா. அவன்ற கைய எடுத்துத் திருப்பிப் பாத்தா. நகத்துக்குள்ள எல்லாம் அந்தச் சாம்ப. அவ ஒரு சொட்டுக் கண்ணீர் உடலீங்க. ஊரே கூடி நின்னு அழுவுது, கட்டுனவ அழுவல. ஒரு துணிய நனச்சு, அவன் நகத்த ஒண்ணொண்ணாத் தொடச்சா. அவ்வளவுதான் செஞ்சா. என்ன நெஞ்சழுத்தம்னு பாருங்க!

கருமாதி முடிஞ்சவொடனே சாளைக்குப் போனா. மூக்கு வாயத் துணியால கட்டிக்கிட்டு, அத்தனை சாக்கையும் மேட்டாங்காட்டுக்கு இழுத்துட்டுப் போயி தீய வெச்சா. பெட்டியெல்லாம் சுண்ணாம்பு அடிச்சா. அப்பறம் கோழியக் கூடையில புடிச்சுப் போட்டுட்டு அவங்கண்ணன் வண்டியில ஏறிட்டா. "பெட்டி உங்க தம்பி செஞ்சது, நீங்களே வெச்சுக்குங்க"ன்னா. அவ இப்ப அங்க கோழி வெச்சு நல்லா இருக்கறான்னு சொல்லிக்கறாங்க. இருக்கட்டும். நல்லா இருக்கட்டும்.

வருசத் திதிக்கு அவ அங்கயே ஐயர வெச்சுச் செய்யறான்னு தெரிஞ்சுது. எனக்குச் சொல்லிவிடல. என்ற தம்பி திதிக்கு எனக்கு எதுக்குங்க அழைப்பு? நானே போனேன். வெறுங்கையோட எப்படிப் போறது? என்ன கொண்டுபோனா அவளுக்கு உபயோகமா இருக்கும்னு ஓசனை பண்ணிப் பாத்தேன். மில்லுக்குப் போயி, இந்தத் தடவை மழைபடாததாப் பாத்துப் பொறுக்கி, மொறத்துல பொடைச்சு, வெயில்ல காயப்போட்டு, ஒரு மூட்டை தொலி கட்டினேன். மக்கல்னு ஒருத்தரும் சொல்லமுடியாது. ரெண்டு பஸ் மாறிக் கொண்டுபோனேன்.

வஞ்சி வாசலுக்கு வந்தா. "வாங்க நங்கையா"ன்னுதான் சொன்னா. தண்ணிச் சொம்ப நீட்டினா. அப்பறம் மூட்டையப் பாத்தா. "இதென்னங்க?"ன்னா.

"கோழிப் பெட்டிக்கு. நானே பொடைச்சு எடுத்தது"ன்னேன்.

அவ கையில இருந்த சொம்பு கீழ உளுந்துச்சுங்க. அப்படியே வாசப்படியில உக்காந்துட்டா. அதுக்கப்பறம் அழுதா பாருங்க! அன்னைக்கு அவன் செத்தப்ப அழுவாதவ, வயித்துல அடிச்சுக்கிட்டு அழுதா. ஐயர் மந்தரத்த நிறுத்திப்போட்டு எட்டிப் பாக்கறாரு. அவங்கண்ணன் ஓடியாந்து தூக்கறாரு. என்னையே பாத்துக்கிட்டு, "உங்களுக்கு நெசமாலுமே தெரியலீங்களா நங்கையா? நெசமாலுமே தெரியலீங்களா?"ன்னு கேட்டுட்டே அழுவறா.

என்ன தெரியலைன்னு கேக்கறா, சொல்லுங்க. அவன் போனது அவளுக்கு அப்பத்தான் ஒறைச்சிருக்குதுன்னு நெனச்சேன். அவ அழுவறதப் பாத்து நானும் அழுதேன். கிட்டப் போயி தோளத் தொட்டேன். கையத் தட்டிவிட்டுட்டா.

அவங்கண்ணன் நல்ல மனுசன். எனக்கு எல போட்டுச் சாப்பிடச் சொன்னாரு. சாப்ட்டேன். ஆனா அந்த மூட்டைய மட்டும் உள்ள வெக்க வேண்டாம், எடுத்துட்டுப் போயிருங்கன்னு கும்பிட்டுக் கேட்டாரு. திரும்பவும் தலையில வெச்சுத் தூக்கிட்டு பஸ் ஏறினேன். அத்தன தொலைவு கொண்டுபோயி, ஒரு கை அள்ளி உள்ள போடலீங்க.

ஹாரன் அடிக்குது, உங்க வேனாத்தான் இருக்கும். வாங்க, பெட்டிய அந்தப் பக்கம் நீங்க புடிங்க, இந்தப் பக்கம் நான் புடிக்கறேன். கனமாத்தான் இருக்கும்.

சென்னி இருந்திருந்தா அந்த மூட்டைய வேண்டாம்னு சொல்லியிருக்கமாட்டானுங்க.